முழத்துக்குக் குறைந்தவை

ஜூன் 4, காலை 6.15

நீரின் வெப்பம் 28.4 டிகிரி. ஆக்சிஜன் போதுமான அளவு. ஆறு கூண்டுகளிலும் கொடுவா மீன்கள் நலம். இறப்பு இல்லை. தீவனம் போட்டாயிற்று.

இந்தப் பதிவு யார் கையில் கிடைத்தாலும் புரிய வேண்டும் என்பது விதி. ஆகவே: எழுதுவது தெய்வானை, மீன் உயிரியல் ஆய்வாளர். கடலில் மிதக்கும் இந்த மேடையில் என்னைத் தவிர இன்னாசி மட்டும் இருக்கிறார். காவலும் தீவனமும் அவர் பொறுப்பு. கூண்டுகள் கரையிலுள்ள கருவமேட்டுப் பெண்கள் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத் தலைவி லூர்து, இன்னாசியின் மனைவி.

கரையோரக் கடல் சூடாகி வருஷா வருஷம் மீன் செத்து மிதந்ததால் மேடையை இங்கே இழுத்து வந்தோம். இங்கே கடல் சட்டென்று சரிந்து இறங்குகிறது. தண்ணீர் குளிர்ச்சி, மீனுக்குச் சுகம். ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் அடியைக் காட்ட மறுக்கிறது. வேறு கருவி கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வருவதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

தீவன நேரத்தில் இன்னாசி கூண்டின் குழாயில் கட்டையால் தட்டுவார். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. மீன்கள் ஒரே வாரத்தில் பழகிவிட்டன. சத்தம் கேட்டால் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன.

ஜூன் 9, மதியம் 1.05

தட்டும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் இன்னாசி என் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. கிழக்குப் பக்கக் குழாயில், தண்ணீருக்கு அடியிலிருந்து. எழுந்து போய்ப் பார்த்தோம். கூண்டுக்கு வெளியே சாளை மீன், அண்டாவில் அள்ளலாம் போல. இந்தக் கடலில் சாளைக் கூட்டம் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது. தட்டியது எது என்று கேட்க இருவருக்குமே மறந்துவிட்டது.

வயர்லெஸ்:
"ஏட்டி லூர்து, கூடையோட ஆள அனுப்பு. சாளை கெடக்குட்டி, சாளை! கையால அள்ளுதேன்."
"பகல்லயே போட்டுட்டியளா?"
"மாதா மேல சத்தியமா. டாக்டரம்மாட்ட வேணா கேளு."

நானும் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

நீரடிக் கேமராவில் ஒரு விஷயம். கொடுவாக்கள் எல்லாம் கூண்டின் மேற்கு ஓரத்தில் ஒதுங்கி, துடுப்புகூட அசையாமல் நின்றிருந்தன. காரணம் தெரியவில்லை.

ஜூன் 13, மாலை 5.30

தினமும் கேட்கிறது. தட்டும், போவோம், மீன் இருக்கும். முந்தாநாள் பாறை மீன். நேற்று விளைமீன். இன்று இரண்டும். கரையிலிருந்து வரும் படகு நிறைந்து போகிறது. இன்னாசிக்கு ஒரு சுற்று சதை போட்டிருக்கிறது. என் சட்டையும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. மூன்று வேளையும் மீன் தின்றால் வேறென்ன ஆகும்.

சத்தம் கேட்டதும் இன்னாசி ஓடுகிறார். பொய் சொல்வானேன், நானும் ஓடுகிறேன்.

இன்று கூண்டிலும் முதல் அறுவடை; சங்கப் பெண்கள் சிலர் படகில் வந்திருந்தார்கள். சங்கத்தின் சட்டம் நான் போட்டது: முழத்துக்குக் குறைந்த மீனை எடுக்கக் கூடாது. பலகையில் கிடத்தி, தலையை முனையில் முட்டவைத்து, வால் எங்கே முடிகிறது என்று பார்ப்போம். குறைந்தால், செவுள் நசுங்காமல் மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிடுவோம். பெரியதை மட்டும் எடுத்தால் கூண்டு ஒருநாளும் காலியாகாது.

வயர்லெஸ்:
"லூர்து, டாக்டரம்மா பலகையில படுத்துப் பாத்தாவ. முழத்துக்கு ரெண்டு விரக்கட கம்மி. திருப்பி விட்டுட்டேன்."
"இந்த ஆளு பேச்சக் கேக்காதீங்க டாக்டரம்மா. ஆறடி வளந்தாப்ல அறிவு வளரல."

நான் நாலே முக்கால் அடி. இந்தக் கேலி பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். ஆனால் இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நல்ல நாள்.

ஜூன் 16, காலை 7.40

இன்னாசியைக் காணவில்லை.

சத்தம் கேட்டது. கைவலையை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் ஆக்சிஜன் அளந்துகொண்டிருந்தேன். கூப்பிடு தூரம்கூட இல்லை, பத்து எட்டு. தண்ணீர் தெறிக்கவில்லை. அவர் கத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது கைவலை மிதந்துகொண்டிருந்தது. சங்கு குளித்து வளர்ந்த மனிதர். தவறி விழுந்தாலும் இந்தக் கடல் அவரை ஒன்றும் செய்யாது.

கூவினேன். கயிறு வீசினேன். கேமராப் பதிவை ஓட்டினேன். ஒரு கணம் படம் முழுவதும் கறுப்பு. பிறகு தெளிந்த தண்ணீர்.

வயர்லெஸ்:
"லூர்து, இன்னாசி கடல்ல விழுந்துட்டார். இன்னும் மேலே வரலை."

"கோயில் மணிய அடிக்கச் சொல்லுதேன். எல்லாப் படகும் வரும்."

கருவமேட்டில் கடலில் ஆள் காணோம் என்றால் அன்று யாரும் வலை எடுக்க மாட்டார்கள். மொத்த ஊரும் தேடக் கிளம்பும். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் உடனே சொன்னேன்.

ஜூன் 16, காலை 8.25

உட்கார்ந்து யோசித்தேன். முன்பே யோசித்திருக்க வேண்டும்.

நாங்கள் போடும் தீவனத்தில் கால்வாசி வலைக்கண் வழியாக நழுவிக் கீழே போகிறது. கீழே எதுவோ அதைத் தின்றிருக்கிறது. தட்டினால் தீனி வரும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. அத்தோடு நிற்காமல், தட்டினால் யார் வருவார்கள் என்பதையும் கற்றுக்கொண்டிருக்கிறது. சாளை, பாறை, விளைமீன் எல்லாம் அது எங்களுக்குப் போட்ட தீவனம். ஒரே வாரத்தில் நாங்களும் பழகிவிட்டோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

வயர்லெஸ்:
"லூர்து, வராதீங்க. அடியில என்னவோ இருக்கு. அதுதான் அவரை எடுத்திருக்கு. யாரும் இங்க வரக் கூடாது."
"டாக்டரம்மா, பயந்து போயிருக்கிய. தண்ணி குடிச்சிட்டு ஒரு பக்கமா ஒக்காருங்க. வாறோம்."
"சொல்றதைக் கேளுங்க! மீனைக் காட்டிக் கூப்பிடுது!"
"அவியள அங்க விட்டுட்டுக் கரையில ஒக்காரச் சொல்லுதியளா? நீங்க சொல்லலாமா அத?"

மேடையின் சின்னப் படகை எடுக்கப் போகிறேன். பாதி வழியிலேயே மறித்து நேரில் சொன்னால் கேட்பாள்.

ஜூன் 16 நேரம் தெரியவில்லை வெயில் ஏறிவிட்டது

எழுத்து சரியில்லை. மன்னிக்கவும்.

படகு மேடையை விட்டு நகர்ந்ததும் அடிப்பலகையில் தட்டியது. நான் குனியவில்லை. எட்டிப் பார்க்கவில்லை. படகே கவிழ்ந்தது.

கீழே இருட்டு. குளிர். வழவழப்பான ஒன்றின் மேல் கிடத்தியது. தலை எதிலோ முட்டும்வரை தள்ளியது. பிறகு உடம்போடு ஒட்டித் தடவிக்கொண்டே போனது, தோள், இடுப்பு, முழங்கால். குதிகாலில் வந்து நின்றது. குதிகாலுக்கு அப்பால் ஏதாவது இருக்கிறதா என்று தேடியது. இல்லை.

விட்டுவிட்டது.

மெதுவாக. ஒரு கீறல் இல்லை. என் நெஞ்சு நசுங்கவில்லை. மேடை ஓரம்வரை கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனது. நான் பெண்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படியே.

படகு போய்விட்டது. நான் அழுகிறேன். உயிர் பிழைத்ததற்கா, அளவு போதாததற்கா, தெரியவில்லை.

அதே நாள் சற்றுப் பிறகு

படகுகள் தெரிகின்றன. பதினைந்துக்கு மேல் இருக்கும். சிவப்புத் துணியை ஆட்டினேன். போங்கள் போங்கள் என்று ஆட்டினேன். அவர்களும் கையை ஆட்டினார்கள்.

வயர்லெஸ்:
"டாக்டரம்மா, மேடை தெரியுது. பாசி எடுக்குற பொம்பளைக அத்தன பேரும் வந்திருக்கோம். முங்கித் தேடிருவோம்."
"முங்காதீங்க லூர்து. கால்ல விழுறேன். திரும்பிப் போங்க."
"சின்னப் பயலுவ நாலு பேரு சொல்லச் சொல்லக் கேக்காம ஏறிட்டானுவ. அவனுவள மட்டும் உங்ககிட்ட ஏத்தி விடுதேன், பாத்துக்கிடுங்க. ஏம்மா, இங்க என்ன இவ்வளவு மீனு? பொறந்ததுலேருந்து இப்படிப் பாத்ததில்ல... யாரோ அடியில தட்டுதாவ. அவியதான். ஏ எல்லாரும் இங்க வாங்க, அவிய உயிரோட இருக்காவ! தட்டுதாவ!"

கத்திவிட்டேன். பொத்தானை அழுத்திப் பேசுகிறேன், எடுக்க அங்கே யாரும் இல்லை. எல்லோரும் படகோரம் வந்து குனிந்து பார்க்கிறார்கள். லூர்து முதலில். அவள் புருஷன் தோளுக்கு மேல் வளர்ந்தவள். என்னோடு சேர்ந்து சிரித்தவள்.

முதல் படகில் இப்போது யாரும் இல்லை

இரண்டாவதும்

பயல்கள் மூன்றாவது படகில் இருக்கிறார்கள். இங்கிருந்தே தலைகள் தெரிகின்றன. நாலு பேருமே என்னைவிடக் குட்டை. நான் பார்த்துவிட்டேன். நன்றாகப் பார்த்துவிட்டேன்.

மேடையின் ஏணியை இறக்கிவிட்டேன். இருக்கிற போர்வைகளை எடுத்து வெளியே வைத்தேன். நனைந்து வருவார்கள், குளிரும்.

உலை வைத்திருக்கிறேன். ஐந்து பேருக்கு.