அரண்மனை ஓட்டலின் முன்வாசல்

அன்பு மகளே,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு இருமல் விட்டது, வாய்தான் விடவில்லை. வழக்கமாகக் கடிதம் எழுதுவது அவள், கடைசியில் இரண்டு வரி ஒட்டுவது நான். இந்த முறை முழுக்க நானே எழுதுகிறேன், போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

உன் மாமனார் மாமியாரோடு எல்லாரும் கோட்டை நகரத்தில் தங்கலாம், அரண்மனை ஓட்டலா, ஆற்றங்கரையில் கட்டிய புது ஓட்டலா, நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்றாயே, தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் பார்த்து வந்தோம். விபத்துக்குப் பிறகு அவன் ஊரைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. கட்டட வரைபடம் போடுகிறவன் அல்லவா, கோட்டை மதில் தெரிந்ததுமே கார் ஜன்னலை இறக்கிவிட்டான். அரண்மனை முன்வாசலில் மூன்றே படி. சக்கர நாற்காலியைக் கண்டதும் மேலாளர், ரொம்பப் பணிவாகத்தான், "தம்பிய பின்பக்கமா கூட்டிட்டுப் போயிடலாம் சார், சரக்கு லிப்ட் இருக்கு" என்றார். உன் தம்பி சிரித்துக்கொண்டே, "வாங்கம்மா, அடுத்ததப் பாப்போம்" என்று நாற்காலியைத் திருப்பிவிட்டான். புது ஓட்டலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவு தானே திறக்கிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டிலில் சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஆனால் அவன் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. காரில் ஏறியதும், "அக்காகிட்ட புதுசுன்னே சொல்லிடுங்கப்பா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். பொய் சொல்லும்போது அவன் காதைத் தேய்ப்பான், உனக்குத் தெரியும். தேய்த்தான். டிரைவரிடம் வண்டியை அரண்மனைக்கே திருப்பச் சொன்னேன்.

மேலாளரிடம், "சரக்குக்குப் பின்வாசல் சரிதான், என் மகன் சரக்கு இல்லையே" என்றேன். பழைய கட்டடம், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றார். ஆணியை யார் கேட்டது, பலகை போடுங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று இழுத்தார். அதற்குள் உன் அம்மா அந்தப் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நீங்க கேட்டுட்டு வாங்க, எனக்கு அவசரமில்ல" என்கிறாள்! விருந்தாளிகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறார்கள், ஒருத்தி குனிந்து உடம்புக்கு என்ன என்று வேறு விசாரித்தாள். தம்பி, "மானம் போகுதும்மா" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். "யார் மானம்னு உள்ள போய்ப் பேசிக்கலாம்" என்றாள் இவள். கடைசியில் முதலாளியம்மாவே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மேலாளரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், கல்யாண மேடைக்குப் போடும் பலகைகள் வந்துவிட்டன. ஓட்டல் தச்சர் அவற்றைப் படிமேல் சரிவாகப் போட்டு, ஏறி நின்று குதித்துப் பார்த்தார். உன் தம்பி யாரையும் தள்ளவிடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தானே உருட்டி ஏறினான். நடுக்கூடத்தில் நாற்காலியை நிறுத்தித் தலையைப் பின்னால் சாய்த்து அந்த மேற்கூரையைப் பார்க்க ஆரம்பித்தவன், கொடுத்த காபி ஆறியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். நாங்கள் கூப்பிடவில்லை.

ஆகவே அரண்மனைதான். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பாயே, அப்படியே வைத்துக்கொள். நீங்கள் வருவதற்குள் நல்ல சரிவுப்பாதையே போட்டுவிடுவதாக முதலாளியம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். நானும் விடாமல் போன் செய்துகொண்டுதான் இருப்பேன். உன் மாமியாருக்கு முழங்கால் வலி என்றாய், அவரும் அதிலேயே ஏறட்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையிடம் வேகமாக வண்டி ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

நோய்நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீங்கள் நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தம்பிக்கு எந்த அறை, எந்த மாடி என்று என்னிடமோ அம்மாவிடமோ கேட்காதே. அவனிடமே கேள்.

இப்படிக்கு,
பிடிவாதக்கார அப்பா