ஏரியில் படிந்த ஆரஞ்சு ஆடை

ஆகஸ்ட் 9, வெள்ளி

சவுனா நீராவிக் குளியலுக்குத் தண்ணீர் மொள்ள ஏரிக்குப் போனேன். கரையோரம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஆடை, ஆறிய பாலில் படிவது போல. வாளியில் நாற்றம் வேறு. நாளை சிர்க்கா பிள்ளையோடு வருகிறாள். என் மகள் இதிலா குளிப்பாள்?

பக்கத்துக் கரையில் கலேவி போன வாரம்தான் கொட்டகைக்குச் செங்காவி அடித்தான். வாளிகளை எங்கே கழுவியிருப்பான்? இதைப் போய்க் கேட்க வேண்டுமா?

ஆகஸ்ட் 10, சனி

கேட்கவில்லை. ஊராட்சிக்குப் புகார் எழுதிவிட்டேன், இரண்டு பக்கம். எட்டு வருடப் பள்ளிப் படிப்பில் மிச்சமிருந்த பெரிய சொற்கள் எல்லாம் செலவாகிவிட்டன.

சிர்க்கா படித்துப் பார்த்தாள். “செகப்பு எப்படிப்பா ஆரஞ்சா ஆகும்?”

“தண்ணி சேர்ந்தா வெளுக்கும்” என்றேன், விஞ்ஞானி மாதிரி.

“ஒரு தடவ போய்க் கேளேன்ப்பா. நூறடிதான நடக்கணும்.”

தபால் பெட்டி எண்ணூறு அடி. அதற்கு நடந்தேன். இவள் அம்மா இருந்திருந்தால் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஊராட்சியிலிருந்து கலேவிக்குத் தொலைபேசி போயிருக்கிறது. வழியில் அவனைப் பார்த்தேன். “வாளியக் கெணத்தடில கழுவினேன்” என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கலேவி என்னோடு பேசுவதில்லை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவன் பேச்சை நிறுத்தினால் கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஊராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள், ரப்பர் பூட்ஸோடு. நீரை முகர்ந்தாள். பிறகு தலையைத் தூக்கி என் ஸ்ப்ரூஸ் மரங்களைப் பார்த்தாள். நான் நாற்பது வருடமாக அவற்றின் கீழே நடக்கிறேன், மேலே பார்த்ததில்லை. ஊசியிலையெல்லாம் ஆரஞ்சு. கிளையை உலுக்கினாள். என் தொப்பி, மூக்கு, மீசை எல்லாம் ஆரஞ்சுப் பொடி.

“பெயிண்ட் இல்லீங்க ஐயா. துருப்பூஞ்சை.”

சதுப்புக்கு அழைத்துப் போனாள். என் சதுப்புக்கு. கம்பளித் துணியில் பூச்சி வராமலிருக்க நாங்கள் ஒடித்து வைக்கும் அந்த நெடிச்செடி அங்கே முழங்கால் உயரம் நிற்கிறது. ஒரு பழைய இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் துருப் புள்ளிகள்.

“வசந்தத்துல இதுலேர்ந்து மரத்துக்குப் போகும். இப்ப மரத்துலேர்ந்து திரும்ப இதுக்கு வரும். ரெண்டும் வேணும் அதுக்கு. நடுவுல காத்துல பறக்கறதுல கொஞ்சம் ஏரியில விழுது. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது.”

“இத எழுதித்தான் ஆகணுமா?” என்றேன்.

“ரெண்டு பேருக்கும் நகல் வரும் ஐயா.”

ஆகஸ்ட் 30, வெள்ளி

நகல் வந்தது. ‘காரணம்: இயற்கை. தோன்றிய இடம்: புகார்தாரரின் சதுப்பு நிலம்.’

கலேவி தன் நகலைக் கொட்டகைக் கதவில் ஆணியடித்து வைத்திருக்கிறான். புதுச் சிவப்பில் வெள்ளைத் தாள். என் சமையலறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஏரி தெளிந்துவிட்டது. நான்தான் இன்னும் தெளியவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் முயிக்கு என்கிற பொடிமீன் கரைக்கு வரும். வலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் துடுப்பு போட வேண்டும், ஒருவன் வலை இழுக்க வேண்டும். இருபத்திரண்டு இலையுதிர் காலமாகக் கலேவி துடுப்பு போட்டான், நான் இழுத்தேன். எனக்குத் தோள்வலி — துடுப்பு கண்ணில் பட்டால் மட்டும் வரும் வலி.

தொலைபேசியில் சிர்க்கா: “மன்னிப்பு கேட்டியாப்பா?”

“சந்தர்ப்பம் வரல.”

“நூறடிப்பா.”

செப்டம்பர் 15, ஞாயிறு

பாதி வழி போனேன். மழை வந்தது. வரவில்லை, வரும் போலிருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று போய்விட்டேன். கொட்டகை முன்னால் நின்றேன். உள்ளே அவன் வலையைக் கோக்கும் சத்தம். மூடிய கதவைப் பார்த்து என்ன சொல்வது? கண் முன்னால் அந்தத் தாள் இருந்தது. அதையே வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். தேதி, கோப்பு எண், புகார்தாரர் பெயர், அதாவது என் பெயர்.

உள்ளேயிருந்து குரல்: “சத்தமாப் படி மார்த்தி. எனக்குக் காது மந்தம்.”

காது அவனுக்கு நரிக்காது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். சதுப்பு நிலம் வரை படித்து முடித்தேன். “நான் எழுதுனது தப்பு கலேவி” என்று அதையும் சேர்த்துப் படித்தேன். அது தாளில் இல்லை.

பிறகு கதவு திறந்தது.

“காப்பி ஆறிப்போச்சு. சுட வைக்கணும்.”

அக்டோபர் 5, சனி

விடிந்ததும் கரைக்குப் போனேன். கலேவி எனக்கு முன்பே படகில். ஆனால் என் இடத்தில் உட்கார்ந்திருந்தான், வலைப் பக்கம். துடுப்புகள் எனக்காகக் காத்திருந்தன.

“கலேவி, என் தோள்—”

“தெரியும்.”

துடுப்பு போட்டேன். ஏரி நடுவில், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “இருபத்திரண்டு வருஷம். அப்புறம் மாத்திக்கலாம்.”

எனக்கு அறுபத்தொன்று. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் துடுப்பை வலித்தேன்.

ஒரு வாளி நிறைய மீன். கையெழுத்து இப்படிக் கோணுவது துடுப்பால். நாளையும் ஆறு மணிக்கு.