பனியில் நனைந்த தீக்குச்சிகள்

லோவு, ஜூலை 1987

உமேஷின் அப்பாவுக்கு,

ஆக்லாந்து குளிர் முழங்காலுக்கு ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தேயுங்கள்.

நேற்று விடிவதற்குள் யாரோ நம் கரும்புக்குத் தீ வைக்கப் பார்த்திருக்கிறார்கள். வயலோரம் பதினொரு தீக்குச்சிகள் கிடந்தன. ஒரு சருகுகூடக் கருகவில்லை, அவ்வளவு பனி.

பக்கத்து வயல் ஜோனே குச்சிகளைப் பொறுக்கிப் பார்த்துச் சிரித்தான். "இவனுங்க கரும்பு வெட்டினவனுங்க இல்ல அண்ணி. வெட்டுக்கு முன்னாடி தோகை கொளுத்திப் பழகினவன் பனி காயாம நெருப்பு வைப்பானா?"

இந்தத் தீவின் பூர்வகுடிகளுக்காக என்று சொல்லி ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று, பூர்வகுடியான இந்த ஜோனேயைப் பார்த்துத்தான் நீங்கள் முதலில் பயந்தீர்கள்.

பனி வானத்திலிருந்து விழுகிறது என்று நினைத்திருந்தோம். விழுவதில்லை என்று உமேஷ் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னானே, ஞாபகம் இருக்கிறதா? மேகமும் காற்று வீச்சும் இல்லாத இரவில் கரும்புத் தோகை குளிர்ந்துபோகிறது. அதைத் தொடும் காற்றின் ஈரம் அங்கேயே தண்ணீராகிறது. போன வாரம் பஸ்ஸில் ஒருவன் "வந்த இடத்துக்கே போ" என்று கத்தியபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தது என் பாட்டி; நான் எங்கிருந்தும் வரவில்லை. இங்கேயே உண்டானவள்.

நான் அங்கே வர நீங்கள் அனுப்பிய விமான டிக்கெட் இத்துடன் திரும்பி வருகிறது. திங்கட்கிழமை கரும்பு வெட்டு தொடங்குகிறது. வீட்டுக்கு ஒருவர் போயாக வேண்டுமே! வெட்டும் ஆட்களின் கேங் பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கத்தி என் கைக்குக் கனமாகத்தான் இருக்கிறது. பழகிவிடும்.

இங்கேயே இருக்கும்,
உங்கள் மனைவி