மாம்பழ மஞ்சள் இழை

உ
காமாட்சி துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
12.11.2025, புதன்கிழமை

லோகேஷுக்கு,

அம்மா எழுதுவது. 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன், மேலே பார்த்தால் தெரியும். நானும் அப்பாவும் நலம். உன் பெண்டாட்டி ஜீவிதா நலமாக இல்லை. அதற்கு நீ காரணம், உனக்கு அடுத்தபடி நான் காரணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாம். "மா, வேலையில இருக்கறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பாதியில் மடித்துப் பையில் போட்டாலும் மீதி அங்கேயே இருக்கும். எதிர்வீட்டு விஷால் நாளை மஸ்கட்டுக்குப் புறப்படுகிறான். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, அன்றைக்கே உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் பிள்ளை மனசு நோகும் என்று கிழித்துப் போடுவார். ஜீவிதாவுக்கும் தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துப்போக வாலாஜாபாத்திலிருந்து மாணிக்கவேல் என்று ஒருவர் வருகிறார். விற்கச் சொன்னது நான். என் காலில் ஏறின வண்டி வாசலில் நிற்கக் கூடாது என்று மூன்று மாதமாக நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். ஜீவிதாவும் சரி என்றாள். "வித்துடுங்க அத்தை, நான் இனிமே ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்" என்றாள். மாகறல் பக்கம் நர்ஸ் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள், இறங்கி ஒன்றரை மைல் நடக்கிறாள், வீடு திரும்பும்போது முகம் செத்திருக்கிறது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கு இது நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

விற்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று திங்கட்கிழமை செவிலிமேட்டு மெக்கானிக் முனிசாமியைக் கூப்பிட்டேன். அவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. யாரும் ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவில்லை, அவரே வெளியில்தான் நின்றிருந்தார். இதென்ன, சும்மா நிற்கிற வண்டி இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கேட்டார். பழைய வண்டி, அப்படித்தான் என்றேன். இதே பதிலைத்தானே நீ அவளுக்குச் சொன்னாய், அதையே நானும் ஒப்பித்தேன்.

முனிசாமி நிதானமான ஆள். குளிர்ந்த இன்ஜின் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடும், சூடேறினால் தானாக இறங்கிவிடும் என்று ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தார். சூடேறியது, ஃபேன் சுற்றியது, சத்தம் இறங்கவில்லை. எங்காவது ரப்பர் குழாய் வெடித்துக் காற்று உள்ளே போகிறதா என்று ஒவ்வொரு குழாயின் மேலும் எதையோ பீச்சிப் பார்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் சத்தம் மாறுமாம், எதுவும் மாறவில்லை. ஆனி மாசத்தில் ஜீவிதா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒருத்தனிடம் கொண்டுபோனாளே, அவன் ஏதோ சென்சார் மாற்றினான் என்று சொன்னேன். சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, அவன் வண்டியைப் பார்க்கவில்லை, ஓட்டிவந்தது பெண் என்பதை மட்டும் பார்த்திருக்கிறான் என்றார். மேடம், நீங்கள் காலை ஆக்ஸிலேட்டரிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று அவன் சிரித்து அனுப்பினானாம். அதை அவள் வந்து சொன்னபோது நானும் சிரித்தேன்.

அப்புறம் முனிசாமி, ஆக்ஸிலேட்டர் கேபிள் போய் முடிகிற இடத்தைப் பார்த்தார். காலை எடுத்தால் அங்கே ஒரு சின்ன இரும்புக் கை திரும்பி வந்து முட்டி நிற்க வேண்டுமாம். முட்டவில்லை, நடுவில் ஒரு இழை போகிற அளவு இடைவெளி. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், போகவில்லை. டார்ச் அடித்தார். பக்கத்துக் கம்பியோடு அந்தக் கையைச் சேர்த்து ஏதோ கட்டியிருந்தது. எண்ணெயும் தூசியும் படிந்து கறுப்பாக, ஒயரில் சுற்றுகிற டேப் மாதிரி தெரிந்தது. முதலில் பார்த்தவன் கண்ணில் படாததில் ஆச்சரியமில்லை. ஸ்பேனர் இல்லாதவன் செய்த வேலை இது, ஆனாலும் உறுதியாகக் கட்டியிருக்கிறான் என்றார் முனிசாமி.

முடிச்சைத் தொடாமல் பக்கத்தில் வெட்டச் சொன்னேன். வெட்டினார். அந்த நொடியே இன்ஜின் சத்தம் தணிந்தது. இத்தனை மாசமாகக் கத்திய வண்டி அடுத்த வீட்டுக்குக் கேட்காத அளவுக்கு அடங்கியது. நூலை என் கையில் வாங்கி, முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே மாம்பழ மஞ்சள்.

நீ வைகாசியில் லீவில் வந்திருந்தபோது என் தறியில் இருந்தது மாம்பழ மஞ்சள் பாவு. இந்த வருஷத்தில் அந்த நிறம் நான் நெய்தது அந்த ஒரு பாவுதான். அதற்கு முன்னால் அரக்கு, அப்புறம் நீலம். சரி, நிறத்தை விடு. இந்த வீட்டில் பீச்சாங்கையால் முடிச்சுப் போடுகிறவன் நீ ஒருத்தன்தான். வால் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், இழுத்தால் இறுகும். பத்து வயசில் உனக்கு அறுந்த இழை முடியக் கற்றுக்கொடுத்தபோது கையை மாற்று என்று எத்தனை அடி அடித்திருப்பேன். மாற்றவில்லை. ஆயிரம் முடிச்சில் உன் முடிச்சை எடுத்துக் கொடுப்பேன்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ ஊருக்குப் புறப்பட்ட அன்று காலை, தறியடியில் கிடந்த கழிவு இழையில் ஒரு கற்றை எடுத்துப்போனாய். கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தாய். "இனிமே வண்டி நிக்காதும்மா" என்றாய். என்னடா செய்தாய் என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு.

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். கருட சேவைக்கு முந்தின நாள் காந்தி ரோட்டில் அவள் மூன்று தடவை வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அதற்கும் பின்னால் உன் சிநேகிதன் அருள் கார். உனக்கு மானம் போய்விட்டது. புதிதாக ஓட்டுகிற யாருக்கும் கிளட்சை விடும்போது வண்டி நிற்கத்தான் செய்யும். நூறு தடவை நின்றால் நூற்றியோராவது தடவை நிற்காது. அந்த நூறு தடவையைப் பொறுக்க உனக்கு முடியவில்லை. வண்டியைக் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நின்றுபோகாமல் இருக்கக் கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கிறேன், கிளட்சைப் பார்த்து விடு என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்?

"வண்டி தானா இழுத்துக்கினு போவுது அத்தை" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். உன்னிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். என் கால் எலும்பு இரண்டு போனதையும் பொறுத்துக்கொள்வேன். ஆடி மூன்றாம் வெள்ளி அன்று, வண்டிக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை எடுக்க நான்தான் குறுக்கே போனேன். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் விட்டாள். வண்டி பாய்ந்தது. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு, இன்னும் தறியில் மிதிக்கட்டையை அழுத்தினால் வலிக்கிறது. போகட்டும், உடம்புதானே.

அன்று சாயங்காலம் அவள் அழுதுகொண்டே உனக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. "பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை அமுக்கிட்டியா?" என்று கேட்டாய்.

அந்த இழை உனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று மட்டும் சொல்லாதே. உன்னைப் பெற்றவள் நான். கேட்பதற்கு முன்னால் நீ கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். லைன் கட்டாகிவிட்டதா என்று அவள் இரண்டு தடவை ஹலோ சொன்னாள். அந்த நேரத்தில் நீ யோசித்துவிட்டுத்தான் கேட்டாய். வெட்கங்கெட்ட வேலை, லோகேஷ். எதிரி செய்யமாட்டான் இதை.

நீ கேட்டதை நான் தெரு முழுக்கச் சொன்னேன். கால் வைக்கிற இடம் தெரியாதவளுக்குக் கார் ஒரு கேடு என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவள் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். அவளோ என் காலுக்கு மருந்து போட்டாள், கட்டுப் பிரித்தபின் எண்ணெய் தடவினாள், காலைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டே அவளைத் திட்டினேன். உன்னால் நான் இப்படி ஒரு மனுஷியானேன் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் வாய் என்னுடையது.

திங்கட்கிழமை முனிசாமி நூலை வெட்டியபோது ஜீவிதா வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். நூலைக் காட்டினேன். பார்த்தாள். அவளும் இந்த வீட்டில் நான்கு வருஷமாக இழை பிணைக்கிறவள்தானே, அவளுக்குத் தெரியாதா? முகம் மாறியது. அப்புறம், "எந்த மெக்கானிக் கட்டினானோ அத்தை, விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உன் பெயரை அவள் வாயால் சொல்லவில்லை. என்னிடம்கூட உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. நீ அவளை ஒரு நொடியில் விட்டுக்கொடுத்தாய்.

அன்றைக்கே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அறுபது வயசு ஆகப்போகிறது, யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை, துணி துவைக்கிற கல்லருகே நின்றுகொண்டு கோணல்மாணலாகக் கேட்டேன். அவள் சோப்புக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சரி, வண்டியை விற்கவேண்டாம், நாளையிலிருந்து நீயே ஓட்டிக்கொண்டு போ என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டாள். நூலும் ஒரு காரணம்தான், ஆனால் அன்றைக்கு நான் தெரியாமல் அமுக்கியும் இருக்கலாம் அத்தை, அவரே அப்படித்தானே கேட்டார் என்றாள். மூன்று மாதமாக அவள் தன் வலது காலையே நம்பவில்லை, லோகேஷ். மாடிப்படி இறங்கும்போதுகூட காலைப் பார்த்து வைக்கிறாள். இதை நான் சரிசெய்ய முடியாது. முனிசாமியாலும் முடியாது. சொன்ன வாயால்தான் திரும்பச் சொல்லவேண்டும்.

அதனால் வெள்ளிக்கிழமை இதைப் படித்து முடித்ததும் அவளுக்குப் போன் செய். அன்று அவளுக்குக் காலை ஷிஃப்ட், மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்பாள். கட்டினது நான், தெரிந்தே மறைத்தேன், நீ எதையும் அமுக்கவில்லை என்று சொல். அவசரத்தில் மறந்துவிட்டேன், உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எதையும் அதோடு சேர்க்காதே. அவளைத் தேற்றவும் வேண்டாம். ஆரம்பிக்கும்போதே ஸ்பீக்கரில் போடச் சொல், நான் பக்கத்தில் இருப்பேன், என் காதிலும் விழட்டும். நீ பேசாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் சாவியை மாணிக்கவேல் கையில் கொடுத்துவிடுவாள். கார் போனால் இன்னொன்று வாங்கலாம். அவள் காலில் இருக்கிற பயம் பிறகு எந்த வண்டியிலும் இறங்காது.

அந்த நூலை இதோடு வைத்திருக்கிறேன். விஷாலிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நான் அனுப்பவேண்டாம் என்றுதான் இருந்தேன். பொடி அரைத்தது ஜீவிதா. உனக்குக் காரம் ஆகாது என்று மிளகாயைக் குறைத்துப் போட்டிருக்கிறாள். சாப்பிடும்போது அது தொண்டையில் இறங்குகிறதா பார்.

நீ பேசி, அவள் சாவியை எடுத்தால், சனிக்கிழமை காலை நானும் அவளோடு மாகறல் போகிறேன். முன் சீட்டில்தான் உட்காரப்போகிறேன். தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்வேன். வழியில் பத்துத் தடவை வண்டி நின்றாலும் நான் வாய் திறக்கமாட்டேன். அவள் வேலைக்குப் போனதும் சிவன் கோயிலில் அர்ச்சனை சொல்லிவிட்டு, அவள் முடிக்கும்வரை அங்கேயே இருப்பேன்.

ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். ஜீவிதா, ரோகிணி என்று முதலில் சொல்வேன். லோகேஷ், அஸ்தம் என்று அடுத்ததாகச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. சொல்லவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலாட்சி