ஒரு பரிட்டோ, இரண்டு பேருக்கு

என்னங்க,

நீங்களும் பிள்ளைகளும் நலம்தானே? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, பதறாமல் படியுங்கள். போன வாரம் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும்போது லேசாகத் தலை சுற்றியது. நர்ஸம்மா பிரஷர் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள்.

எனக்கு வந்ததே கோபம்! சமைக்கத் தெம்பில்லாத நாட்களில் இங்கே கடையில் மெக்சிகோ நாட்டுப் பரிட்டோ வாங்குகிறேன். கறி கிடையாது, ராஜ்மாவையும் சோற்றையும் சப்பாத்தி மாதிரி ஒன்றில் சுருட்டியிருப்பார்கள். புரதம், நார்ச்சத்து எல்லாம் உறையில் பார்த்துத்தான் எடுப்பேன். உப்பு ஒரு கிராம் என்றே போட்டிருந்தது.

அந்த உறையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். மூலையில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினாள். "இது பாதிக்குத்தான் கணக்கு. ஒரு பரிட்டோ ரெண்டு பேருக்காம்."

என்ன அநியாயம் பாருங்கள்! ஒரு சாண்கூட இல்லாததை இரண்டு பேருக்கு என்று எழுத அந்தக் கம்பெனிக்காரனுக்குக் கை கூசவில்லையா? கடைக்காரனையும் ஒரு பிடி பிடித்தேன். "வீட்ல ரெண்டு பேராவது இருப்பாங்கன்னு நெனச்சிருப்பாங்கம்மா" என்கிறான்!

ஊரிலிருந்து யாராவது வந்தால் உங்கள் பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கத் துணி வேண்டும். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. இப்போது பரிட்டோவைப் பாதியாக வெட்டித்தான் சாப்பிடுகிறேன். மறுநாள் உங்கள் பாதியையும் நானேதான் தின்கிறேன். இதை எந்த உறையில் எழுதுவானாம்?

உங்கள் வீட்டுக்காரி