குழாயில் ஊற்றிய கஞ்சி

அம்மாவுக்கு மகளின் வணக்கம். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம். அறுபத்தெட்டு வயதிலும் இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் வேலைக்கு வருகிறவர் யாரும் இல்லை.

நேற்று ஒரு சின்னக் கலவரம், பயப்பட ஒன்றுமில்லை. புற்றுநோய்க்காக இரைப்பையில் அறுவை செய்த தச்சர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். தையல் ஆறும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. உணவு நிபுணராக நான் கணக்கிட்டுத் தரும் திரவ உணவு, மெல்லிய குழாய் வழியாக நேரே குடலுக்கு இறங்கும். அவர் மனைவி வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது அந்தக் குழாயில் ஊற்றிவிட்டாள். குழாய் அடைத்துக்கொண்டது.

"மறுபடி வயித்தைக் கிழிக்கணுமா?" என்று சத்தம் போட்டேன்.

"முப்பது வருஷமா என் கையால சாப்பிட்டவரு. இப்ப மெஷின் ஊட்டுது. அப்போ நான் எதுக்கும்மா?" என்றாள்.

வெதுவெதுப்பான நீரைச் செலுத்தி, ஒரு மணி நேரத்தில் அடைப்பை எடுத்தோம். குழாயைக் கழுவ நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரிஞ்சில் நீர் விடவேண்டும். நர்ஸ் பக்கத்தில் நிற்க, அதை அவளையே செய்யச் சொன்னேன்.

"மெதுவாத்தான் விடுறேன், குடிங்க" என்றாள்.

"உப்பு பத்தல" என்று முனகினார் தச்சர்.

அம்மா, எனக்கு எதுவும் செய்து அனுப்ப வேண்டாம் என்று போன கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தேன். அது என் தவறு. உங்கள் மருமகன் காலமானபின், ஒருத்தி தட்டுக்கு ருசி எதற்கு என்று இருந்துவிட்டேன். உடம்புக்கு முடிகிறபோது ஏதாவது செய்து அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் விலாசத்தைத் தம்பி எழுத வேண்டாம், உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

தபால் எடுக்கும் நேரம்.

உங்கள் மகள்