வரவேற்பறைப் பலகையிலிருந்து ஒரு சிறுமியின் படத்தை அகற்றக் கோருதல்

அனுப்புநர்:
சொ. பேச்சிராஜா, எம்.எஸ்சி. (மனநலச் செவிலியம்),
ஒப்பந்தச் செவிலியர், குழந்தைகள் மனநல வெளிக்களப் பிரிவு,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: சிகிச்சையிலுள்ள சிறுமியின் படத்தை நீக்கவும், வீட்டு வருகையைப் படம் எடுக்கும் உத்தரவை ரத்து செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. நான்கு ஆண்டுகளாக இப்பிரிவில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைப் பார்த்து வந்தேன். என்னோடு படித்தவர்கள் குவைத்துக்குப் போனார்கள். நான் போகாதது என் முடிவு. அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம்.

2. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் ஒன்பது வயதுச் சிறுமி. பள்ளியில் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் அம்மாவிடம் மட்டும் பேசுவாள். அவள் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. இம்மனு தங்களிடம் வருமுன் எத்தனை மேசைகளைக் கடக்கும் என்று எனக்குத் தெரியும்.

3. ஏழு மாதம் வாரந்தோறும் போனேன். எட்டாம் மாதம், முற்றத்தில் காய்ந்த மீனைக் காட்டி, "சாளை நல்லா காயுது" என்று சும்மா சொன்னேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. "அய்ய, சாளையா? அது சூடைல்லா!" என்றாள். நான் வயக்காட்டுப் பக்கத்து ஆள், மீன் தெரியாது. வெளியாளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

4. அடுத்த மாதமே, ஒவ்வொரு வருகையிலும் குழந்தையைப் பிரிவின் பேனருடன் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆட்சேபித்தேன். ஒருங்கிணைப்பாளர் திரு. ஆவுடையப்பன், "படம் இல்லன்னா நீரு போகவே இல்லன்னுதான்வே அர்த்தம்" என்றார்.

5. எடுத்தேன். அவள் முகத்தை மங்கலாக்கினேன். அது போதும் என்று நினைத்தது என் தவறு. அதை மறைக்க மாட்டேன். படத்தில் அவளுக்குப் பின்னால் அவள் அப்பாவின் மீன்பிடி வள்ளம் நின்றது, பெயரும் பதிவு எண்ணுமாக. கடலோரத்தில் வள்ளத்தைப் பார்த்தால் வீட்டைச் சொல்லிவிடுவார்கள். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மறுநாளே படம் ஊர்க் குழுவுக்குப் போய்விட்டது.

6. பள்ளியில் அவளுக்குப் பெயர் "பேனரு". "ஏளா பேனரு, வாயத் தொறளா" என்று பின்னாலேயே போகிறார்கள். நான் போனபோது தாய் கதவைப் பாதிதான் திறந்தார். "சார், இனி இங்கன வராதிய. எம்பிள்ள ஊமையாவே இருந்துட்டுப் போகட்டும். கிறுக்கின்னு பேரு எடுக்க வேண்டாம்" என்றார். இப்போது அவள் தாயிடமும் பேசுவதில்லை.

7. படத்தை நீக்கக் கோரி மூன்று முறை எழுதினேன். பதிலாக, குழுவில் உத்தரவை விமர்சித்ததாகக் குறிப்பாணை வந்தது. மருந்துக் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலையும் வந்தது. படமோ பெரிதாக அச்சாகி, பிரிவின் வரவேற்பறைப் பலகையில் 'வெற்றிக் கதை' என்ற தலைப்பில் தொங்குகிறது. என் பெயரும் கீழே இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் கிடங்குக்குப் போகிறேன்.

8. எனவே, அப்படத்தைப் பலகையிலிருந்தும் குழுவிலிருந்தும் உடனே அகற்றவும், படம் எடுக்கும் உத்தரவை ரத்து செய்யவும், சக செவிலியர் விஜிலாவை அவ்வீட்டுக்கு அனுப்பவும் ஆணையிட வேண்டுகிறேன். விஜிலா அந்தக் கரையைச் சேர்ந்தவர். பேனர் இல்லாமல், சீருடை இல்லாமல் போகச் சம்மதித்திருக்கிறார். என்னை மீண்டும் அங்கே அனுப்பும்படி கேட்கவில்லை. அந்தக் கதவு என்னால் மூடியது.

9. விசாரணை வைத்தால் என்னை எந்த நேரமும் கூப்பிடலாம். குறிப்பாணையோடு வந்து நிற்கிறேன். அவளையும் அவள் தாயையும் மட்டும் அலுவலகத்துக்குக் கூப்பிட வேண்டாம்.

இடம்: ஏரல்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
சொ. பேச்சிராஜா